பத்து நிமிடம் என்று ஏன் பதில் போடவில்லை

தம்பி,

நீ செவ்வாய்க்கிழமை காலையில் கேட்ட கேள்விக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். போனிலேயே அனுப்பிவிடலாம் என்றுதான் பார்த்தேன். என் விரல் ஒரு எழுத்தைத் தொட்டால் அது பக்கத்து எழுத்தில் போய் விழுகிறது. மண்வெட்டி பிடித்துத் தடித்த விரல், அதைச் சொல்லிக் குற்றமில்லை. அதனால் நீ காலேஜில் எழுதிய நோட்டு ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து, நீ மிச்சம் வைத்த பக்கங்களில் எழுதுகிறேன். நாலைந்து பக்கம் ஓடும் போலத் தெரிகிறது. நீ கேட்டது என்னவோ ஒரே வரிதான். "அப்பா, கார் வாங்கியிருக்கேன். காலைல எவ்வளவு நேரம் சூடு பண்ணணும்?" இரண்டு வருடமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாதவன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவுக்கு மட்டும் போன் போடுகிறவன், திடீரென்று இப்படி ஒரு வரி அனுப்பினால் மனுஷன் அதை என்னவென்று எடுத்துக்கொள்வது?

முதலில் நம்பர் மாறி எனக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு மறுபடியும் பார்த்தேன், 'அப்பா' என்று இருக்கிறது. நீ இருப்பது கோயம்புத்தூரில், ஒரு பம்ப் கம்பெனி ஆபீசில். உன்னோடு வேலை பார்க்கிறவர்களில் பாதிப் பேரிடம் கார் இருக்கும், அவர்களைக் கேட்டிருக்கலாம். காரை விற்றவனைக் கேட்டிருக்கலாம். கையில் வைத்திருக்கிற போனையே கேட்டால் அது சொல்லிவிட்டுப் போகிறது. இத்தனை பேரையும் விட்டுவிட்டு, பூம்பாறையில் ஒரு பழைய டீசல் ஜீப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிற என்னைக் கேட்கிறாய். குத்திக்காட்டுகிறாயா? சமாதானத்துக்கு வருகிறாயா? இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்கிறாயா? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அம்மாவிடம் போனை நீட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். "கேட்டதுக்குப் பதிலச் சொல்லுங்க. இதுல என்ன யோசன?" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

சரி, சொல்லிவிடுவோம் என்று 'பத்து நிமிடம்' என்று அடித்தேன். அதை அனுப்பாமல் அழித்தேன். மறுபடி அடித்தேன், மறுபடி அழித்தேன். அன்று முழுக்க வேறு சோலி ஓடவில்லை. பூண்டுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவன் ஒரு பாத்தியில் மடையைத் திறந்துவிட்டு, அது நிரம்பி அடுத்த படியில் வழிகிற வரைக்கும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

புதன்கிழமை காலையில் பஸ் ஏறிக் கொடைக்கானல் போனேன். நம் ஜீப்பைப் பார்க்கிற மெக்கானிக் சேவியரைக் கேட்டால் ஒரு தெளிவு கிடைக்கும் என்று நினைப்பு. அவர் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். காலை மட்டும் பார்த்து அடையாளம் கண்டு, "சேவியரு, புது வண்டிய காலைல எம்புட்டு நேரம் சூடு பண்ணணும்?" என்று கேட்டேன்.

அவர் வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னண்ணே, புது வண்டி எடுத்துட்டீங்களா?"

"யாரோ எடுத்திருக்காக. நீ சொல்லு."

"பெட்ரோலா, டீசலா?"

அதை நீ எழுதவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. பெட்ரோல் என்று வைத்துக்கொள் என்றேன்.

"இப்ப வர்றதுக்கெல்லாம் அரை நிமிசம் போதும்ண்ணே. ஆயில் மேல ஏறுற வரைக்கும்தான். அப்புறம் எடுத்து மெதுவா ஓட்டுனா அதுபாட்டுக்குச் சூடாயிக்கிரும். நிக்கவச்சு உறுமவிடுறது வெட்டி வேல."

"அப்ப நம்ம ஜீப்பு?"

"அது பழசுல்ல. ஹீட்டர் லைட்டு அணைஞ்சு, ஸ்டார்ட் ஆயி, ரெண்டு மூணு நிமிசம் விடுங்க. அதுக்கு மேல எதுக்கு?"

"நான் பத்து நிமிசம் விடுவேனே."

"விடுங்க, யாரு வேணாங்குறா? தேவையில்ல, அம்புட்டுத்தான்."

இருபது வருடத்துக்கு மேல் நான் செய்துவந்த காரியத்தை அவர் கையில் இருந்த கிரீஸைத் துடைக்கிற நேரத்தில் துடைத்துப் போட்டுவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. டாக்சி ஸ்டாண்டுக்குப் போய், நமக்குத் தெரிந்த முருகேசனைப் பிடித்தேன். அவன், "அரை நிமிசமா? கீழ்நாட்டுல வேணா சரி. இந்தக் குளிருக்கு ஆகாது. இன்ஜின் குளுந்து கெடந்தா என் வண்டில நீல லைட்டு ஒண்ணு எரியும், அது அணையிற வரைக்கும் நான் எடுக்க மாட்டேன். அஞ்சு நிமிசம் ஆகும்" என்றான். அவனுக்குப் பக்கத்தில் நின்ற இன்னொரு டிரைவர் சிரித்தார். "டூரிஸ்ட் ஏறி உக்காந்ததும் கெளம்பலேன்னா நமக்கு ரேட்டிங் போயிரும். சீட் பெல்ட்டு மாட்டுற நேரம்தான் என் கணக்கு." அதற்கு முருகேசன் ஏதோ சொல்ல, அவர் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டார்கள். போகும்போது ஒரு குழப்பத்தோடு போனவன், நாலு குழப்பத்தோடு பஸ் ஏறினேன். வழியில் அந்த மேட்டு வளைவு வந்தது. ஜன்னல் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் வெளியே பார்க்கவில்லை.

பத்து நிமிடம் என்கிற கணக்கு எனக்கு எங்கிருந்து வந்தது என்று அந்த பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். நீ பள்ளிக்கூடம் போன காலத்தை எடுத்துக்கொள். காலையில் ஜீப்பை ஸ்டார்ட் பண்ணிவிட்டு உன்னை முன்சீட்டில் தூக்கி வைப்பேன். நீ மப்ளருக்குள் மூக்கை விட்டுக்கொண்டு, "எப்பப்பா போவோம்?" என்று கேட்பாய். "இன்ஜினுக்கும் குளிரும்ல. அது எந்திரிக்கட்டும்" என்பேன். நான் பானெட்டின் மேல் கையை வைத்துச் சூடு காய்ந்துகொண்டு நிற்பேன். அம்மா காப்பி போட்டு ஆற்றி எடுத்துக்கொண்டு வருவாள். குடித்து முடித்துத் தம்ளரைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவேன். அதுதான் பத்து நிமிடம். கடிகாரம் பார்த்து வைத்த கணக்கு இல்லை, காப்பி வருகிற கணக்கு. அம்மா ஒரு தடவை தாண்டிக்குடியில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்தாளே, அந்த நாலு நாளும் ஜீப் இருபது நிமிடம் ஓடிக்கொண்டே நின்றது. காப்பி வராததால் எப்போது கிளம்புவது என்று எனக்குத் தெரியவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. உனக்கு ஆறு வயது. ஐப்பசி மழை. விடியற்காலையில் உனக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. உதடு கறுத்துப்போய் அம்மா மடியில் கிடந்தாய். நான் சாவியைத் திருகினேன், வண்டி உறுமியது, அப்படியே கியரைப் போட்டு மேட்டில் ஏற்றிவிட்டேன். சூடு பண்ணவில்லை. காப்பி குடிக்கவில்லை. கொடைக்கானல் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் மிதித்த காலை எடுக்கவில்லை. ஜீப்புக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஆக, சூடு பண்ணாமல் எடுத்தால் இன்ஜின் செத்துப்போகாது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். இதை முதலில் குறித்து வைத்துக்கொள், தம்பி. நான் பின்னால் சொல்லப்போகிற காரியத்தைத் தெரியாமல் செய்தேன் என்று நீ எனக்காகச் சால்ஜாப்பு சொல்லிவிடக் கூடாது.

இப்போது பனிக்கு வருகிறேன். மார்கழியும் தையும் நம் ஊரில் உறைபனி விழுகிற மாதங்கள். பழைய ஜீப் வைத்திருந்த எல்லோரும் அந்த நாட்களில் செய்கிற வேலை ஒன்று உண்டு. பொழுது சாய்ந்ததும் ரேடியேட்டருக்கு அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை எல்லாம் இறக்கிவிடுவோம். இல்லாவிட்டால் அது உள்ளேயே உறைந்து ரேடியேட்டரைப் பிளந்துவிடும். காலையில் வெந்நீர் வைத்து ஊற்றிவிட்டு வண்டியை எடுப்போம். நான் ஜீப் வாங்கிய முதல் வருடமே சோம்பேறித்தனமாக இருந்து ஒரு ரேடியேட்டரைப் பறிகொடுத்தவன். அதற்குப் பிறகு பனி விழும் என்று தெரிந்த ஒரு நாள்கூட இறக்காமல் இருந்ததில்லை.

நீ வேலைக்குப் போய், ஒரு தீபாவளிக்கு வந்தபோது பச்சை நிறத்தில் ஒரு கேன் வாங்கி வந்தாய். "இது கூலன்ட்டுப்பா. தண்ணியோட கலந்து ஊத்திட்டேன். எம்புட்டுக் குளிருனாலும் உறையாது. இனிமே நீங்க ராத்திரிக்குத் தண்ணி எறக்கவே வேணாம்" என்றாய். எனக்காகத்தான் வாங்கி வந்தாய். குனிந்து திருகைத் திறக்க என் முதுகு படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு வாங்கியிருந்தாய், எனக்குத் தெரியாமல் இல்லை. நான் "சரிலே" என்றேன். ஊரில் நாலு பேரிடம், என் மகன் என்னவோ ஊற்றியிருக்கிறான், இனிமேல் உறையாதாம் என்று பெருமையும் அடித்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பச்சைத் தண்ணீரை நான் ஒரு நாளும் நம்பவில்லை. அந்த மார்கழி முழுக்க மேகம் விலகாமல் பனி விழாததால் இறக்க வேண்டி வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த பொங்கலுக்கு நீ லீவில் வந்திருந்தாய். பழனியில் அம்மாவின் தம்பி மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்துகிறார்கள். அத்தைக்காரி சீர்த் தட்டோடு நேரத்துக்கு நிற்க வேண்டும். விடிவதற்கு முன்னால் ஜீப்பில் கொடைக்கானல் போய், அங்கிருந்து பழனிக்கு முதல் பஸ்ஸில் அவளை ஏற்றிவிடுவதாக ஏற்பாடு. முதல் நாள் சாயங்காலம் வானத்தில் ஒரு மேகம் இல்லை, ஒரு இலை ஆடவில்லை. இன்றைக்குப் பனி கொட்டப்போகிறது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது. நீ கடைப்பக்கம் போயிருந்தாய். நான் ஜீப்புக்கு அடியில் குனிந்து திருகைத் திறந்து, நீ ஊற்றிய பச்சைத் தண்ணீர் முழுவதையும் வாசல் கல்லில் ஓடவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. உன்னை நம்பவில்லை என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சமாக இருந்தது. காலையில் நான் முதலில் எழுந்து, வெந்நீர் வைத்து ஊற்றிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நினைத்தேன்.

அன்று எனக்கு இருமலும் காய்ச்சலும். மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தவன் அசந்துவிட்டேன். நீ வெள்ளனே எழுந்து, "அப்பா தூங்கட்டும்மா. நானே விட்டுட்டு வாரேன்" என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய். இதை அம்மா பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த ஜீப்பில் சூடு காட்டுகிற முள் செத்துப் பல வருடம். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இன்ஜின் மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்?

ஆறு மணிக்கு அம்மா போன் பண்ணி என்னை எழுப்பினாள். "மேட்டு வளைவுல வண்டி நின்னுபோச்சுங்க. கைய வச்சாப் பொசுங்குது. அவன் என்னென்னமோ செஞ்சு பாக்குறான், அசைய மாட்டேங்குது." ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஓடிப்போய் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். பஸ் முழுக்க நம் ஊர்க்காரர்கள். ஜன்னலுக்கு வெளியே பூண்டுப் பாத்திகள் எல்லாம் வெள்ளை வெளேரென்று கிடந்தன. நான் நினைத்தபடியே பனி விழுந்திருக்கிறது என்று எனக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. அடுத்த நொடி ஞாபகம் வந்தது. தண்ணீர். நான்தானே இறக்கிவிட்டேன்.

ஆக, பஸ்ஸை விட்டு இறங்கும்போது எனக்கு எல்லாம் தெரியும். உண்மையைச் சொல்லத்தான் இறங்கினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் என்ன நினைத்துக்கொண்டு இறங்கினேன் என்று சத்தியமாக எனக்கு ஞாபகம் இல்லை. டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, "என்னண்ணே ஆச்சு ஜீப்புக்கு?" என்று கேட்டார். ஜன்னல் ஜன்னலாகத் தலைகள். எல்லாத் தலைகளும் என் வாயைப் பார்க்கின்றன. என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ஏலே, வண்டியச் சூடு பண்ணாம எடுத்தியா?"

நீ தலையைக் குனிந்தாய். "ஆமாப்பா. பஸ்ஸுக்கு நேரமாயிருச்சுன்னு ஒடனே எடுத்துட்டேன். தப்புதான்."

நீ எதிர்த்துப் பேசியிருந்தால் அடித்திருப்பேன், அது ஒரு கணக்கு. தப்புதான் என்று நீ ஒத்துக்கொண்ட பிறகு அடித்தேன். செய்யாத தப்பை நீ ஏற்றுக்கொண்டு நிற்கிறாய், அதைச் செய்த நான் இருபத்தைந்து வயதுப் பிள்ளையை ஊரே பார்க்கக் கன்னத்தில் அறைகிறேன். "ரெண்டு வருசம் டவுன்ல இருந்தா இதுகூட மறந்துபோகுமா?" என்று வேறு கத்தினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இந்த இரண்டு வருடத்தில் எத்தனையோ தடவை என்னையே கேட்டுவிட்டேன். பயமா, வெட்கமா, காய்ச்சலா, ஒன்றும் விளங்கவில்லை. நீ கன்னத்தைத் தடவக்கூட இல்லை. சீர்க்கூடையைத் தூக்கி அந்த பஸ்ஸிலேயே வைத்து, அம்மாவைக் கைபிடித்து ஏற்றிவிட்டாய். அவள் பழனி போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்குக் காது குத்தி முடித்துவிட்டார்கள். சேவியர் வந்து ஜீப்பைக் கயிறு கட்டி இழுக்கிற வரைக்கும் நீ பக்கத்திலேயே நின்றாய். கொடைக்கானல் வந்ததும் போட்டிருந்த துணியோடு கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டாய்.

சேவியரிடமும் பொய்தான் சொன்னேன். தண்ணீர் எங்கே என்று கேட்டார். ஓஸ் பிய்ந்து போயிருக்கும் என்றேன். அவர் ஓஸைத் தடவிப் பார்த்தார். அது நன்றாகத்தான் இருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதற்கு மேல் கேட்காமல் வேலையைத் தொடங்கினார். இந்தப் புதன்கிழமை நான் அவர் ஷெட்டிலிருந்து கிளம்பும்போது, "தம்பிக்கா கேக்குறீங்க?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப நிமிசக் கணக்கு மட்டும் சொன்னாப் பத்தாதுண்ணே" என்று சொல்லிவிட்டு மறுபடி வண்டிக்கு அடியில் போய்விட்டார். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. நேற்று, மூன்றாவது நாளாக நான் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அவளே ஆரம்பித்தாள். "பழனியிலருந்து மறுநா நான் வந்தப்ப வாசக்கல்லுல பச்சையாக் காஞ்சு கெடந்துச்சு. அன்னைக்கே எனக்கு வெளங்கிப்போச்சு."

போனைக் கீழே வைத்தேன். "அவன்கிட்டச் சொன்னியா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? எறக்கிவிட்டது நீங்க. நீங்களாச் சொல்லுவீங்கன்னு ரெண்டு வருசமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் போன் அடிக்கும்போது தோட்டத்துக்கு ஓடிர்றீங்க."

போன் அடித்தால் தோட்டத்துக்கு ஓடுவது நிஜம்தானே.

இப்போது உனக்குப் புரிகிறதா, ஏன் 'பத்து நிமிடம்' என்று அனுப்ப முடியவில்லை என்று? பத்து நிமிடம் என்று எழுதினால், அன்றைக்கு ஜீப் செத்தது நீ சூடு பண்ணாததால்தான் என்று மறுபடியும் உன்னை அறைந்த மாதிரி ஆகிவிடும். அரை நிமிடம் என்று எழுதினால், பிறகு எதற்கு என்னை அடித்தீர்கள் என்று நீ கேட்பாய். எந்த எண்ணைப் போட்டாலும் அதற்குப் பின்னால் அந்த மேட்டு வளைவு வந்து நிற்கிறது. இதைவிடப் பெரிய பயம் ஒன்று நேற்று வந்தது. ஒருவேளை நீ குத்திக்காட்டவும் இல்லை, சமாதானத்துக்கும் வரவில்லை. அன்றைக்கு நீதான் வண்டியைக் கெடுத்தாய் என்று இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறாய். சொந்தமாக ஒரு கார் வாங்கிய சந்தோஷத்தில்கூட, சாவியைத் தொடும்போது அந்தப் பயம் வருகிறது. அதனால்தான் கேட்டிருக்கிறாய். இதை நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா பார்க்காமல் பின்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

தம்பி, அது உன் தப்பில்லை. ஒரு துளிகூட உன் தப்பில்லை. நீ சரியாக ஊற்றி வைத்திருந்ததை நான் திருட்டுத்தனமாக இறக்கிவிட்டேன். பிறகு பழியையும் உன்மேல் போட்டு, ஊர் பார்க்க அடித்தேன். ஊர் பார்க்க அடித்ததை ஊர் கேட்கத்தான் சொல்ல வேண்டும் என்று இன்று காலையில் டீக்கடைக்குப் போனேன். பஸ்ஸுக்கு நின்றவர்களும் இருந்தார்கள். "அன்னைக்கு என் ஜீப்பு இன்ஜின் சூட்டுல இறுகி நின்னது என் மகனால இல்ல. நான் தண்ணிய எறக்கிவிட்டுட்டு அவன்கிட்டச் சொல்லல" என்று சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டீ போடுகிறவர், "அது போன போன பொங்கல் கதைல்ல? இப்ப எதுக்குண்ணே?" என்றார். இன்னொருவர், எனக்கு மறுபடி காய்ச்சலா என்று கேட்டார். இரண்டு வருடமாக நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டிருந்ததை ஊர் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் தாண்டிப் போய்விட்டது. அதுவும் எனக்குக் குழப்பமாகத்தான் இருக்கிறது. இதற்கா இவ்வளவு பயந்தேன்?

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நான் கேட்டவரைக்கும், யோசித்தவரைக்கும் சொல்கிறேன். கோயம்புத்தூரில் என்றால் சேவியர் சொன்ன அரை நிமிடம் போதும். ஸ்டார்ட் பண்ணு, பெல்ட்டைப் போடு, கண்ணாடியைச் சரி பண்ணு, கிளம்பு. முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் மட்டும் அழுத்தி மிதிக்காதே. உன் வண்டியில் நீல விளக்கு இருந்தால் அது அணைகிற வரைக்கும் பூப்போலக் கால் வை. ஆனால் பூம்பாறையில் என்றால் கணக்கு வேறு. நம் வீட்டு வாசலை விட்டு இறங்கியதும் மேடுதான், மெதுவாக ஓட்டிச் சூடாக்கலாம் என்றால் அதற்கு இங்கே இடமில்லை. குளிர்ந்த இன்ஜினை எடுத்த எடுப்பில் மேட்டில் மிதிக்கக் கூடாது. அதனால் இங்கே மட்டும் இரண்டு மூன்று நிமிடம் விடு. அதற்கு மேல் நின்றால் அது உன் அம்மா போடுகிற காப்பிக்காகத்தான் இருக்க வேண்டும்.

இப்படி இரண்டு பதில் எழுதி முடித்த பிறகுதான் எனக்கு வேறு ஒன்று தட்டுப்பட்டது. கோயம்புத்தூர் வெயிலில் நிற்கிற வண்டிக்குச் சூடு பண்ணுவதைப் பற்றி எவனாவது கேட்பானா? நீ 'காலைல' என்று வேறு எழுதியிருக்கிறாய். காலையில் குளிர்ந்துபோய்க் கிடக்கிற வண்டி என்றால், அது ராத்திரி முழுக்கக் குளிரில் நின்றிருக்க வேண்டும். அப்படிக் குளிருகிற ஊரில் உனக்கு இருப்பது ஒரே ஒரு வீடுதான். நானாகத்தான் இழுத்துக் கட்டி இப்படிப் படிக்கிறேனோ என்னவோ. அம்மாவிடம் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, "எனக்கென்ன தெரியும்? ஒங்கப்பா மகன்கிட்டயே கேளுங்க" என்றாள். என் அப்பாவுக்கு மகன் நான்தான். என்னையே கேட்டுக்கொள்ளச் சொல்கிறாளா, பேரன் என்பதற்கு வாய் தவறி மகன் என்று சொல்லி உன்னைக் கேட்கச் சொல்கிறாளா, அதிலும் குழப்பம்.

எதற்கும் இருக்கட்டும் என்று இன்று ஜீப்பைத் தகரக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து வேலி ஓரமாக நிறுத்திவிட்டேன். கொட்டகையைக் கூட்டிப் பெருக்கியாகிவிட்டது. உன் கார் எவ்வளவு நீளம் என்று தெரியாததால் பின்னால் கிடந்த விறகையும் இடம் மாற்றிவிட்டேன். மார்கழி பிறந்துவிட்டது, மேகமே இல்லை, சாயங்காலமானால் ஒரு இலை ஆடுவதில்லை. பனி நிச்சயம் கொட்டும். நீ வந்து வண்டியை நிறுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கு. விடியவிடியப் பனி விழுந்தாலும், உன் வண்டியின் தண்ணீரை நான் தொடமாட்டேன்.

அப்பா